மூட்டை சுமந்த செல்லப்பாவும் ஒற்றை ஆள் தொழிலும்

போன மாதம் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணி இருக்கும். கோவையிலிருந்து என் தங்கை மகன் போன் செய்தான். மூன்று வருடங்களுக்கு முன்னால் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே ஒரு அறையில் உட்கார்ந்து கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழில் செய்கிறான். தனி ஆள்தான். உதவிக்கு யாரும் கிடையாது.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு மாப்ள. என்ன இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்ல மாமா. வேலை நெறையக் கெடக்கு. வருமானமும் மோசமில்ல. ஆனா காலையில எந்திரிச்சு கம்ப்யூட்டர் முன்னால உக்கார மனசே வர மாட்டேங்குது. ஏன் லேட்டுன்னு கேக்க ஆளில்ல. நல்லாச் செஞ்சிருக்கன்னு சொல்லவும் ஆளில்ல. நீங்க எப்படி மாமா இருபத்து நாலு வருஷம் ஒத்தையில பிரஸ்ஸ ஓட்டுனீங்க?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. "ஞாயித்துக்கிழமை பேசுறேன் மாப்ள" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நினைத்துப் பார்த்தபோது, இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கற்றுக் கொடுத்தவர் நம் பக்கத்து மனிதர் ஒருவர் என்பது நினைவுக்கு வந்தது. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் நடத்திய பத்திரிகைக்கு பைண்டிங் செய்தவன், அவ்வளவுதான். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெரியகுளத்தில் நான் அச்சகம் வைத்தது 1974-ல். மதுரையில் ஏழு வருடம் கம்பாஸிட்டராக இருந்து சேர்த்த காசும், மாமனார் கொடுத்ததும், கடனும் சேர்த்து ஒரு பழைய டிரெடில் மிஷின் வாங்கினேன். ஈய எழுத்துகள், நாலைந்து கேஸ், ஒரு கல், ஒரு கட்டிங் மிஷின். இதுதான் என் ராஜ்ஜியம். எழுத்துக் கோப்பதும் நான்தான், புரூப் போட்டுத் திருத்துவதும் நான்தான், மிஷினை மிதிப்பதும் நான்தான். அச்சான பிறகு எழுத்துகளைப் பிரித்து அததன் அறையில் போடுவதும், பில் புத்தகத்தைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பதும், பாக்கிக்கு நாலு தடவை நடப்பதும் நான்தான். மாங்காய் மண்டிகளுக்கு பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ். அந்தக் காலத்தில் சிறு ஊர் அச்சகம் என்றால் இவைதான் வேலை.

முதல் ஐந்தாறு வருடம் ஆர்வம் இருந்தது. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது, கேஸில் கொம்பு வைத்த பழைய 'லை', 'ணை' எல்லாம் சும்மா கிடக்க ஆரம்பித்தன. கடன் வாங்கிப் புதிய எழுத்து வார்த்து வாங்கினேன். அதுகூட எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. 1981-ஆம் வருடம்தான் சோதனை வந்தது.

மாங்காய் சீசன் முடிந்துவிட்டது. ஆடி மாதம், கல்யாணமும் கிடையாது. ஆனாலும் கையில் சின்னச் சின்ன வேலைகள் இருந்தன. ஆனால் செய்யப் பிடிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எதிர்ச் சாரியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எதிரில் நாலு மிஷின் வைத்த பெரிய அச்சகம் ஒன்று வந்திருந்தது. அந்த மிஷின்கள் ஓடும் சத்தத்தை வைத்தே மணிக்கு எத்தனை அடிக்கிறான் என்று கணக்குப் போடுவேன். என்னுடையதை அதோடு ஒப்பிடுவேன். மூன்று நாள் தொடர்ந்து மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு மேட்னி ஷோவுக்குப் போனேன். ஏன் பூட்டினாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப உறைத்தது. வேலைக்குப் போகிறவன் ஒருநாள் வராவிட்டால் திட்டாவது விழும். தனியாகத் தொழில் செய்கிறவன் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்கிற மாதிரி தோன்றிவிடும். தங்கை மகன் சொன்னானே, அதேதான்.

அந்த ஆடி மாதத்தில்தான் தமிழாசிரியர் ஒருவர் ஒரு கட்டுப் பழைய பத்திரிகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். வருட வாரியாக பைண்டிங் செய்ய வேண்டும் என்றார். பத்திரிகையின் பெயர் 'எழுத்து'. அட்டையில் நடிகை படம் இல்லை. ஜோக் இல்லை. கவிதை, கதை, பக்கம் பக்கமாக விமரிசனக் கட்டுரை. மாதங்களை வரிசைப்படுத்தி அடுக்கும்போது அங்கங்கே படித்தேன். பாதி எனக்குப் புரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கிப்போக வந்தவரிடம், "இது யார் நடத்துன பத்திரிகை சார்? பெரிய ஆபீஸா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் ஏதுய்யா? ஒரே ஆள். சி.சு. செல்லப்பா. உங்க பக்கத்து ஆளுதான். வத்தலக்குண்டு" என்றார் அவர்.

அதன் பிறகு செல்லப்பாவைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் படித்தேன். அவரோடு பழகியவர்கள் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து நான் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சி.சு. என்பதில் 'சி' என்றால் சின்னமனூர், 'சு' என்றால் அப்பா சுப்பிரமணியம். 1912-ல் பிறந்தவர். வத்தலக்குண்டு அவருடைய ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர் வத்தலக்குண்டுக்காரர். மணிக்கொடியைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி.எஸ். ராமையாவும் வத்தலக்குண்டுக்காரர். அந்த வரிசையில் மூன்றாவது ஆள் செல்லப்பா. சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். மணிக்கொடியில் கதை எழுதிப் பேர் வாங்கியவர். பிறகு சென்னையில் 'சந்திரோதயம்', 'தினமணி கதிர்' என்று பத்திரிகைகளில் வேலை பார்த்தார்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு விவாதம் நடந்தது. தமிழில் நாவலும் சிறுகதையும் தேங்கி நிற்கின்றன என்று க.நா. சுப்ரமண்யமும் செல்லப்பாவும் 'சுதேசமித்திர'னில் எழுதினார்கள். வாரப் பத்திரிகைகள் விற்பனையில் கொடி கட்டிப் பறந்த காலம். தொடர்கதைகளுக்காக வீட்டில் அடிபிடி நடந்ததை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். அந்த வெள்ளத்தில், தேக்கம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? எதிர்ப்புதான் வந்தது. சொல்வதைச் சொல்ல வேறு இடம் கிடைக்காது என்று தெரிந்ததும், செல்லப்பா தானே ஒரு பத்திரிகை தொடங்கிவிட்டார். 1959 ஜனவரியில் 'எழுத்து' முதல் இதழ் வந்தது. அப்போது அவருக்கு 46 வயது. நிரந்தர வருமானம் கிடையாது. குடும்பம் இருந்தது. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வசதி இல்லை. திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் இருந்த வீடுதான் அலுவலகம்.

1970 வரை அவர் அதை நடத்தினார். மொத்தம் 119 இதழ்கள். கூடவே 'எழுத்து பிரசுரம்' என்று புத்தகங்களும் போட்டார். தொழில் செய்தவன் என்ற முறையில் இந்த 119 என்கிற எண்ணைப் பார்த்துத்தான் நான் அசந்து போனேன். லாபம் வராத தொழிலை, தனி ஆளாக, பதினோரு வருடத்துக்கு மேல்! மனசு சோர்ந்த நாளே அவருக்கு இருந்திருக்காதா? இருந்திருக்கும். அப்படியானால் எது அவரை நடத்தியது?

படித்ததிலிருந்து நானாகப் புரிந்துகொண்ட சில விஷயங்கள் உண்டு. இலக்கியம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். நான் அச்சகக்காரன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம். 'எழுத்து' 2000 பிரதிகளுக்கு மேல் அச்சாகாது என்று அவர் ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டார். இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வியாபாரி தன் சரக்குக்குக் குறைந்தபட்ச விற்பனை இவ்வளவு வேண்டும் என்று சொல்வான். இதற்கு மேல் விற்கமாட்டேன் என்று எவனாவது சொல்வானா? அந்த 2000-ஐ 'எழுத்து' கடைசிவரை எட்டவே இல்லை என்பது வேறு கதை.

ஆனால் யோசிக்க யோசிக்க அதன் சூட்சுமம் புரிந்தது. லட்சக்கணக்கில் விற்கும் வாரப் பத்திரிகையோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் வழியை அவர் முதல் நாளே அடைத்துவிட்டார். நான் ஓடுவது அந்த ஓட்டப் பந்தயத்தில் இல்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு, அவன் இவ்வளவு விற்கிறானே என்று ஏங்க இடமில்லை. தான் எண்ண வேண்டியது எது என்பதை அவரே முடிவு செய்துகொண்டார். இந்த மாதம் நல்ல கட்டுரை ஒன்று வந்ததா, புதிதாக எழுத ஒரு ஆள் கிடைத்தானா, இதுதான் அவர் கணக்கு.

அந்தக் கணக்கில் அவருக்கு நஷ்டமே இல்லை. முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் 'பெட்டிக்கடை நாரணன்' கவிதையை மறுபடி அச்சிட்டார். யாப்பில்லாமல் எழுதுவதா என்று பண்டிதர்கள் முகம் சுளித்த காலம் அது. அதைப் படித்துவிட்டு ஒவ்வொருவராக எழுத வந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் கவிதை அனுப்பினார். திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்ற இருபது வயதுப் பையன் எழுதினான். பின்னாளில் பிரமிள் என்று பேர் பெற்றவர் அவர்தான். வடக்கே அரசாங்க உத்தியோகத்தில் இருந்த வெங்கட் சாமிநாதன் எழுதினார். சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், நகுலன் என்று வரிசை நீண்டது. 1962-ல் 24 பேருடைய 63 கவிதைகளைத் தொகுத்து 'புதுக்குரல்கள்' என்ற புத்தகமாகப் போட்டார் செல்லப்பா. இன்று புதுக்கவிதை வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது. விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் மூன்றாம் மாதமே கடையைச் சாத்தியிருப்பார்.

இரண்டாவது விஷயம், தேதி. மாதப் பத்திரிகை என்றால் மாதம் பிறந்தால் இதழ் வர வேண்டும். ஆசிரியருக்கு மனசு சரியில்லை என்று ஜனவரி மாதம் காத்திருக்காது. அச்சுத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும், முகூர்த்தத் தேதி போட்ட பத்திரிகையைப் போல நம்மை வேலை வாங்கும் முதலாளி வேறு யாரும் இல்லை. தனி ஆளுக்கு மேஸ்திரி கிடையாது, ஆகவே தேதிதான் மேஸ்திரி. மனசு வந்த பிறகு வேலை செய்யலாம் என்று உட்கார்ந்திருப்பவனுக்கு அது வரவே வராது. வேலையில் கையை வைத்த பிறகுதான், பின்னாலேயே மெதுவாக வந்து சேரும். ஸ்டிக்கைக் கையில் எடுத்து நாலு வரி கோத்தால் ஐந்தாவது வரி தானாக வரும் என்பது எந்தக் கம்பாஸிட்டருக்கும் தெரிந்த அனுபவம்.

மூன்றாவது விஷயம்தான் என்னை மிகவும் தொட்டது. புத்தகம் விற்கவில்லை என்றால் செல்லப்பா வீட்டில் உட்கார்ந்து ஜனங்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. புத்தகங்களை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். பேராசிரியர்களையும் மாணவர்களையும் நேரில் பார்த்துப் பேசி விற்றார். காகிதத்தின் கனம் எப்படி என்று எனக்குத் தெரியும். நூறு பக்கப் புத்தகம் நூறு பிரதி என்றால் பத்துக் கிலோவுக்கு மேல் வரும். ஐம்பது வயதுக்காரர், கதர் ஜிப்பாவோ சட்டையோ போட்ட ஒல்லியான மனிதர், பஸ் ஸ்டாண்டில் அந்த மூட்டையோடு நிற்பதை என்னால் கண்ணில் பார்க்க முடிகிறது.

அந்த அலைச்சலில் பணம் எவ்வளவு கிடைத்திருக்கும்? பஸ் செலவு போக அதிகம் மிஞ்சியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒன்று கிடைத்திருக்கும். தன் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டுகிற மனிதனின் முகம். அறைக்குள்ளேயே உட்கார்ந்து தனியாக வேலை செய்கிறவனுக்குக் கிடைக்காத மருந்து அது. தங்கை மகன், நல்லாயிருக்கு என்று சொல்ல ஆளில்லை என்றானே. சொல்கிற ஆள் நம் வாசலுக்கு வரமாட்டான் மாப்ள, நாம்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்குப் போக வேண்டும்.

நான்காவதாக ஒன்று உண்டு. செல்லப்பாவுக்குக் கைவேலை தெரியும். பொம்மைகள் செய்வார், அதை விற்றும் குடும்பத்துக்குக் கொஞ்சம் சம்பாதித்திருக்கிறார். 'சரஸாவின் பொம்மை' என்று கதை எழுதியவரே பொம்மை செய்து விற்றார் என்பது விசித்திரமான பொருத்தம். இலக்கியம் பேசுகிறவர் பொம்மை செய்வதா என்று அவர் கூச்சப்படவில்லை. பிடித்த வேலை சோறு போடாவிட்டால், சோறு போடுவதற்கு இன்னொரு நேர்மையான வேலையைச் செய்யலாம். பிடித்த வேலையை வளைத்து, ஒடித்து, சந்தைக்கேற்ற மாதிரி ஆக்க வேண்டியதில்லை. 'எழுத்து' தன் குணம் மாறாமல் இருந்ததற்கு அந்தப் பொம்மைகளும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். மறுபாதியையும் சொல்ல வேண்டும். 'எழுத்து' நடத்துவதற்காகச் செல்லப்பாவின் மனைவியுடைய நகைகள் விலை போயின. இதைப் பலர் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பெருமையாகத் தோன்றவில்லை. ஏனென்றால், 1978-ல் புது எழுத்து வாங்க நானும் என் வீட்டுக்காரியின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்தேன். மீட்க ஆறு வருடம் ஆயிற்று. அந்த ஆறு வருடமும் கல்யாண வீடுகளுக்கு அவள் மஞ்சள் கயிற்றோடுதான் போய்வந்தாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தனி ஆள் தொழில் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அப்படி ஒன்று கிடையாது. நான் மத்தியானம் சினிமாவுக்குப் போன நாளில் வீட்டில் ஒருத்தி பால்காரனுக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செல்லப்பாவின் 119 இதழிலும் அட்டையில் பேர் போடாத ஒரு பங்காளி இருந்தார். அவர் போட்ட முதல் கணக்கில் சேரவில்லை, ஆனால் சேர்த்தே பார்க்க வேண்டிய கணக்கு. ஆகவே செல்லப்பாவிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள், நகையை விற்பதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே என்றுதான் நான் யாருக்கும் சொல்வேன்.

1970-ல் 'எழுத்து' நின்றது. அதற்கு முன்பே மாத இதழ் காலாண்டிதழாகச் சுருங்கியிருந்தது. பலருக்கு இது தோல்வியாகத் தெரியலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. 1968-லேயே சேலத்திலிருந்து 'நடை' என்ற பத்திரிகை வந்துவிட்டது. 'எழுத்து'வில் எழுதிப் பழகிய சி. மணி அதன் பின்னணியில் இருந்தார். 1970-ல் 'கசடதபற' வந்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எத்தனை சிற்றிதழ்கள்! எல்லாம் செல்லப்பா நடந்து காட்டிய வழி. ஒரு கடை மூடுகிறது, ஆனால் கடைத்தெரு உண்டாகிவிட்டது.

அவரும் முடங்கிவிடவில்லை. விமரிசனம், கவிதை, நாடகம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். சுதந்திரப் போராட்டத்தைப் பற்றி 'சுதந்திர தாகம்' என்று ஒரு பெரிய நாவல் எழுதி, மூன்று பாகமாக 1997-ல் தானே வெளியிட்டார். அப்போது வயது 85. மறுபடியும் எழுத்தாளரும் அவரே, பதிப்பாளரும் அவரே. அடுத்த வருடம், 1998-ல், காலமானார். அந்த நாவலுக்கு 2001-ல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. 1959-ல் அவர் தானே போட்ட 'வாடிவாசல்' என்ற சின்னப் புத்தகம் இன்று பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்கிறது, ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. ஜல்லிக்கட்டு பற்றிப் பேச்சு வந்தால் அந்தப் புத்தகத்தைச் சொல்லாதவர்கள் இல்லை. மூட்டையில் தூக்கிச் சென்று விற்ற சரக்குகளில் அதுவும் ஒன்று.

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்தக் கட்டு பைண்டிங் முடித்துக் கொடுத்த பிறகு நான் இரண்டு காரியம் செய்தேன்.

ஒன்று, என் ஸ்டூலைத் திருப்பிப் போட்டேன். எதிர் அச்சகம் கண்ணில் படாதபடி சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தேன். அந்தச் சுவரில் ஒரு சிலேட்டை மாட்டினேன். பிழையில்லாமல் போன ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு கோடு. வருமானத்தை அதில் எழுதவில்லை. நாலு மிஷின் வைத்திருப்பவன் என்னைவிட வேகமாக அடிப்பான், மலிவாக அடிப்பான். ஆனால் மாப்பிள்ளை பேரிலோ குலதெய்வத்தின் பேரிலோ எழுத்துப் பிழை இல்லாமல் கல்யாணப் பத்திரிகை அடிப்பதில் அவனோடு நான் நிற்க முடியும். அதை எனக்கான அளவாக வைத்துக்கொண்டேன். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணி, துடைத்துவிட்டு, மறுபடி ஆரம்பிப்பேன். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரிதான். பதினேழு வருடம் விளையாடினேன்.

இரண்டு, வெள்ளிக்கிழமை தோறும் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டிகளுக்கும் கடைகளுக்கும் ஒரு சுற்றுப் போய்வந்தேன். ஆர்டர் கேட்கக்கூட இல்லை. போன தடவை அடித்த பில் புத்தகம் எப்படி இருக்கிறது, கார்பன் நன்றாக விழுகிறதா என்று கேட்பேன். ஒரு மண்டிக்காரர், "நீ நம்பர் போட்டுக் குடுத்தா எண்ணிப் பாக்க வேண்டியதில்ல" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு மூன்று மாதம் தாங்கியது.

1998-ல் நானும் மூடினேன். டி.டி.பி., ஆப்செட் வந்த பிறகு ஈய எழுத்துக்கு வேலை இல்லை. எழுத்துகளைக் கிலோ கணக்கில் எடை போட்டு எடுத்துப் போனார்கள். அன்றைக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. பிறகு மதுரையில் புரூப் பார்க்கும் வேலைக்குப் போய், அதிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். சீக்கிரம் தோற்றுவிட்டோமோ என்ற எண்ணம் ரொம்ப நாள் உறுத்தியது. செல்லப்பாவும் நிறுத்தினார் என்பதை நினைத்துக்கொள்வேன். நிறுத்துவது வேறு, சலித்துப்போய் விடுவது வேறு. நான் கடைசி நாள்வரை சிலேட்டில் கோடு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை மகனுக்கு நானே போன் செய்தேன். இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. சுருக்கமாகச் சொன்னேன்.

"மாப்ள, நீ யாரோட ஒப்பிட்டுக்கிட்டு இருக்க, அத மொதல்ல விடு. நீ எத எண்ணனுமோ அத நீயே முடிவு பண்ணு. அப்புறம், வாரத்துல ஒரு நாள் கம்ப்யூட்டர மூடிட்டு, நீ கணக்கு எழுதுற கடைக்குப் போயி அந்தக் கடைக்காரரப் பாரு. போன்ல இல்ல, நேர்ல."

"போயி என்ன மாமா பேசுறது?"

"உன் கணக்கால அவருக்கு என்ன பிரயோஜனம்னு கேளு. அவரு சொல்லுவாரு. அது போதும். இன்னொண்ணு, ராத்திரி ஒம்பதரைக்கு எங்கிட்டச் சொன்னத உன் பொஞ்சாதிகிட்டச் சொன்னியா?"

மறுமுனையில் சத்தமே இல்லை.

"சொல்லு மாப்ள. அவளும் உன் கம்பெனிதான்" என்றேன்.

இந்த வெள்ளிக்கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தான். ஏதோ ஒரு மளிகைக் கடை. கல்லாவில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குப் புரிந்தது.